இடப்பக்கம் மட்டும் திரும்பிய கார்

பல்செட் கட்டும் கடைக்கு மூன்று மாத ஒத்தாசைக்கு என்று வந்தவர், பதினேழு வருஷம் கழித்தும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். வந்தபோது கையில் ஒரு பை, பைக்குள் நான்கு சட்டை. கடைக்காரர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்த சமயம் அது. கை கூடும்வரை நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேண்டும் என்று சொந்தத்துக்குள் சொல்லி வைத்திருந்தார். அவருடைய பெரியப்பா மகள் ஒருத்தி, "என் மகன் சும்மாதான் இருக்கான், தம்பி, கூட்டிட்டுப் போ" என்று அனுப்பிவைத்தாள். அந்த அக்காளுக்கும் கடைக்காரருக்கும் அதற்கு முன் எட்டு வருஷம் பேச்சு இல்லை. அது ஒரு சைக்கிளால் வந்த சண்டை, அதை இப்போது இழுக்க வேண்டாம். அக்காள் மகன் என்றால் முறை வந்துவிடுகிறது. கடைக்காரருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். கை கூடுவதற்குள் கல்யாணம் கூடிவிட்டது.

அன்றிலிருந்து அவர் மாப்பிள்ளை. மாமனார் அப்படிக் கூப்பிடுவது நியாயம். எதிர்வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாருக்குமே அவர் மாப்பிள்ளைதான். கேன்காரர் இவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாய்க்கு மூடி கிடையாது.

"என்ன மாப்பிள்ளை, விருந்து இன்னும் முடியலையா?" என்பார், கேனை இறக்கும்போதெல்லாம்.

இவரும் சிரித்துவைப்பார். முதல் இரண்டு வருஷம் அந்தச் சிரிப்பு தானாக வந்தது.

கீழே கடை. கடைக்குப் பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் மாமனார், அத்தை, மச்சினன் மூன்று பேரும் புழங்கும் அறை. மேலே ஒரே ஓர் அறை, அதைத் தாண்டினால் மொட்டை மாடி. அந்த மேல் அறைதான் இவருக்கும் மனைவிக்கும். அறை என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. கடையிலிருந்து ஏறும் படிக்கட்டு தரையைத் துளைத்துக்கொண்டு அறையின் மூலைக்குள்ளேயே வந்து முடிந்தது. கதவு மாட்ட வேண்டுமென்றால் தரையில்தான் மாட்ட வேண்டும். துணி காயப்போட அத்தை அந்த வழியாகப் போவார். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்க்க மாமனார் போவார். ஆபீஸ் போய் வந்த மச்சினன், கீழே சிக்னல் சரியில்லை என்று போனும் காதுமாகக் குறுக்கே நடப்பான். மாமனார் படியேறும்போதே இருமிக்கொண்டு ஏறுவார். அது அவருடைய மரியாதை. அத்தையிடம் அந்த இருமலும் கிடையாது. குழந்தை இல்லாததற்குக் காரணத்தை மட்டும் மாதத்துக்கு ஒரு டாக்டரிடம் கேட்கச் சொல்வார்.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம்" என்பாள் மனைவி. "ஒரு ரூம், அதுக்கு ஒரு கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். வெளிப்பக்கம் இல்லாட்டியும் பரவால்ல."

வெளியே போய் வேறு வீடு பார்க்கலாம் என்று இரண்டு தடவை பேச்செடுத்ததுண்டு. மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வலது கையை மேஜைமேல் நீட்டினார். முறிந்து கூடிய கை, விரல் நுனிகள் லேசாக ஆடின. ஒரு பல்லை எடுத்து மெழுகில் வைத்துக் காட்டினார். கடைவாய்ப்பல், கோணலாக உட்கார்ந்தது.

"போகணும்னா போங்க, மாப்பிள்ளை. நான் வேண்டாம்னு சொல்லுவேனா? கடைய மூடிட்டு நானும் உங்க பின்னாலயே வந்துடறேன்."

அவ்வளவுதான்.

மாடல் கார் பழக்கம் வந்தது ஒரு பல் டாக்டரால். அவர் நோயாளிகளின் வாயை அச்செடுத்துக் கடைக்கு அனுப்புகிறவர். ஒரு தடவை அச்சுகளோடு ஒரு அட்டைப்பெட்டியையும் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பழுது பார்க்க முடிந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் தூக்கிப்போடுங்கள் என்று ஒரு சீட்டு. உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு இரண்டு ரேஸ் கார்கள், துண்டு துண்டான கறுப்புப் பாதை. பாதையின் நடுவே ஒரு கோடு பள்ளமாக ஓடும். அதன் இரு கரையிலும் மெல்லிய தகடு, அதில் கரண்ட். காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். கையிலிருக்கும் விசையை அழுத்தினால் கார் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். திருப்பத்தில் அதிகம் அழுத்தினால் நாக்கு கழன்று, கார் எகிறிப் போய் எங்காவது விழும்.

ஒரு காரில் மோட்டார் கருகியிருந்தது. இன்னொன்றுக்கு அடிப்பாகமே இல்லை. மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பித்தளைத் தகட்டை அறுக்கும் மெல்லிய ரம்பம் கடையில் இருக்கிறது. துளைபோடும் மெஷின், அரம், ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல், நுணுக்கமாகப் பார்க்கக் கண்ணாடி, எல்லாமே இருக்கின்றன. ஒரு வாரத்தில் பித்தளையில் ஒரு அடிச்சட்டம் போட்டார். அது வளைந்திருந்தது. இரண்டாவது கனமாகிவிட்டது. மூன்றாவதை நடுவில் இரண்டாக வெட்டி, எஃகுக் கம்பியால் இணைத்து, கொஞ்சம் நெளியும்படி செய்தபோதுதான் கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

மேல்கூட்டையும் அவரே செய்தார். மெழுகில் கார் உருவத்தைச் செதுக்கி, பிளாஸ்டரில் அச்செடுத்து, பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் அதே மாவைக் குழைத்து வார்த்து, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து எடுப்பார். அதனால் அவருடைய கார்கள் எல்லாமே ஈறு நிறம். முன்விளக்குகளுக்கு நிறம் பொருந்தாமல் மிஞ்சிய முன்பற்கள் இரண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ரேஸ் கார். பக்கத்தில் வந்தால் யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும்.

"இதுக்கு வெத்தலை பாக்குக் குடுத்தா மென்னுடும் போலயே" என்றாள் மனைவி, முதல் காரைப் பார்த்து.

ஓட்டுவதற்கு இடம்தான் பாடு. கட்டில்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதில் பாதைத் துண்டுகளை முட்டை வடிவமாகக் கோத்தார். கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் ஓட்டுவார். பிறகு பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தால்தான் இருவரும் படுக்க முடியும். இடப்பக்கமாகச் சுற்றவிட்டால், எகிறும் கார் ஒரு முனையில் தலையணைக் குவியலிலும் மறுமுனையில் பீரோவிலும் போய் முட்டும். வலப்பக்கமாகச் சுற்றவிட்டால் அது நேராகப் போவது படிக்கட்டு ஓட்டைக்குள். ஒரு தடவை போயும்விட்டது. பதினான்கு படியும் உருண்டு, கீழே மாமனார் குழைத்து வைத்திருந்த பிளாஸ்டர் கிண்ணத்துக்குள் விழுந்தது.

மாமனார் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அன்றைக்கு இருமவில்லை.

"மாப்பிள்ளை, இது யாரோட தாடை?"

மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். மாப்பிள்ளை அதற்குப் பிறகு காரை வலப்பக்கம் விட்டதே இல்லை. பதினோரு வருஷம், முப்பதுக்கும் மேலே கார்கள், எல்லாம் இடப்பக்கம்தான். இடப்பக்கத் திருப்பத்தில் கார் வலப்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க இடப்பக்கச் சட்டத்தில் ஒரு துளி ஈயம் வைத்தார். அடுத்த காரில் இரண்டு துளி. வலப்பக்கப் பின்டயரைக் கொஞ்சம் சரிவாகத் தேய்த்துப் பார்த்தார். வேகம் இன்னும் கூடியது. வெறும் காதாலேயே சொல்லிவிடுவார், இந்தச் சுற்று முந்தின சுற்றைவிட வேகம் என்று. இடம் வலம் என்ற யோசனையே அவருக்கு மறந்துபோயிருந்தது. இப்படித்தான் கார் கட்டுவது என்று நினைத்துக்கொண்டார்.

பல் டாக்டருக்கு ஒரு காரைச் செய்து கொடுத்திருந்தார். அவர் அதைச் சிகிச்சை நாற்காலிக்கு எதிரே அலமாரியில் வைத்திருந்தார். பல் பிடுங்க வந்த ஒருவர், வாயைப் பிளந்தபடியே அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, "இஹ யாஹ கஹ்ஹினஹ?" என்று, இது யார் கட்டியது என்பதைக் கேட்டாராம். டாக்டர் பயந்து இன்னொரு பல்லையும் தட்டிப் பார்த்தாராம்.

கேட்டவர் பக்கத்து ஊரில் மாடல் கார் கடை வைத்திருப்பவர். ஒரு பழைய கிடங்கில் ஆறு பேர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய பெரிய ட்ராக் போட்டிருந்தார், ஞாயிறுதோறும் பந்தயம். எல்லாரும் அவரை ட்ராக்காரர் என்றார்கள். மறுவாரமே டாக்டர் மூலமாகச் சேதி வந்தது. கடையில் உட்கார்ந்து கார் கட்டவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். சம்பளம் உண்டு. கடைக்கு மேலே ஒரு வீடு காலியாக இருக்கிறது, ஒரு அறை, ஒரு அடுப்படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரைக் கொண்டுவந்து பந்தயத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

மாப்பிள்ளை சேதியைச் சொன்னதும் மனைவி முதலில் கேட்டது சம்பளத்தை இல்லை.

"அந்த வீட்டுக்குக் கதவு இருக்கா?"

"வீடுன்னா கதவு இருக்காதா?"

"கேட்டுட்டு வாங்க."

மாமனாரிடம் வேலை விஷயத்தைச் சொல்லவில்லை. கார் ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

"தாராளமா போயிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமைதானே" என்றார் மாமனார். "திங்கக்கிழமை தையல்காரர் பல்லு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். வியாழக்கிழமை அவர் பொண்ணுக்குக் கல்யாணம். மேலயும் கீழயும் ஒரு பல்லு கிடையாது மனுஷனுக்கு."

மாப்பிள்ளைக்கு எப்படி மறக்கும்? தையல்காரருடைய இரண்டு தாடையின் அச்சும் மேஜைமேல் ஏற்றித் தயாராக இருந்தன. அந்த மனுஷனின் முகத்தைவிட மேலண்ணம் இவருக்கு நன்றாகத் தெரியும்.

கிடங்குக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். ட்ராக் முப்பதடி நீளம். பாம்பு மாதிரி வளைந்து, ஏறி, இறங்கி, தன்மேலேயே பாலம் போட்டுக் கடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நின்றார். எகிறி விழும் கார்களை எடுத்துப் பள்ளத்தில் திரும்ப வைப்பது அவர்கள் வேலை. ஈறு நிற காரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்தான். அவன் பஸ் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"அண்ணே, இது பல்லு விளக்கிட்டு வந்துச்சா?"

"காலைலயே விளக்கியாச்சு. உங்க வண்டிதான் முகம் கழுவல போலருக்கு" என்றார் மாப்பிள்ளை. கூட்டம் சிரித்தது. அவருக்கே ஆச்சரியம், வீட்டில் அவருக்கு இப்படிப் பேச்சு வந்ததில்லை.

விசில் ஊதினார்கள். நேர்ப்பாதையில் அவர் கார் முன்னே போனது. முதல் திருப்பம் இடப்பக்கம். மற்ற ஐந்து பேரும் வேகத்தைக் குறைக்க, இவர் குறைக்கவே இல்லை. கார் தண்டவாளத்தில் வைத்த மாதிரி திரும்பியது. யாரோ "அடேயப்பா" என்றார்கள். இரண்டாவது திருப்பம் வலப்பக்கம். கார் பள்ளத்தை விட்டு எகிறி, மெக்கானிக்கின் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. எடுத்து வைத்தார்கள். அடுத்த சுற்று, அதே இடம், மறுபடியும் எகிறல். நாக்கு தேய்ந்திருக்குமோ என்று நினைத்தார். மூன்றாவது தடவை பாலத்துக்குக் கீழே இன்னொரு வலப்பக்கத் திருப்பம், அங்கேயும் பறந்தது. மூன்று நிமிஷத்தில் ஒன்பது தடவை. ஆறாவது தடவையோடு சிரிப்பு நின்றுவிட்டது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ட்ராக்காரர் வந்து காரைக் கையில் வாங்கினார். உருவத்தில் ஒடிசல், அன்று வாய் மரக்கவில்லை, குரல் கணீரென்று இருந்தது. காரைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு பேனாவின் முதுகில் நட்டநடுவாக வைத்தார். கார் இடப்பக்கம் சரிந்து விழுந்தது.

"வீட்ல ட்ராக் வெச்சிருக்கீங்களா?"

"சின்னதா. கட்டில் மேல."

"எந்தப் பக்கம் ஓட்டுவீங்க?"

"இடப்பக்கம்."

"வலப்பக்கம்?"

"அந்தப் பக்கம் படிக்கட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பதினோரு வருஷமும் முப்பது காரும் அந்தப் பேனாமேல் சரிந்த மாதிரி இருந்தது அவருக்கு. கட்டிலும் பீரோவும் படிக்கட்டு ஓட்டையும் சேர்ந்துதான் இந்தக் காரைக் கட்டியிருக்கின்றன, தான் வெறும் கை மட்டும் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

ட்ராக்காரர் சிரிக்கவில்லை. விரலால் பற்றுவைத்த இடங்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ஈயப்பத்து வெச்சத நான் பார்த்ததில்ல. தலைமுடி அளவு ஈயம். ஆனா ஓடாத வண்டியைக் கட்டினவர்னு சொல்லி உங்கள எப்படிக் கடைல உக்கார வெப்பேன்? ஒண்ணு பண்ணுங்க. ஒரு வாரம் இங்கயே தங்குங்க. மேல் வீடு சும்மாதான் கிடக்கு. இந்த ட்ராக்ல ஓட்டிப் பார்த்து வேற வண்டி கட்டுங்க. அடுத்த ஞாயிறு ஓட்டுங்க. அன்னைக்கும் பறந்துச்சுன்னா நானே பஸ் ஏத்தி விடறேன்."

"ஒரு வாரம்னா… நாளைக்கு எனக்கு ஒரு பல்லு இருக்குங்க."

"பல்லு எல்லாருக்கும்தான் இருக்கு. எனக்குச் சனிக்கிழமை இன்னொருத்தர் வர்றார் பார்க்க. யோசிச்சுச் சொல்லுங்க."

கடைப் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினார். மாமனார்தான் எடுத்தார். விஷயத்தை மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"உங்க இஷ்டம், மாப்பிள்ளை. தையல்காரர் வந்தா வாயைத் துணியால கட்டிக்கிட்டுக் கல்யாணத்துல நில்லுங்கன்னு சொல்லிடறேன்."

மாப்பிள்ளைக்கு அந்த மேலண்ணம் கண்முன்னே வந்து நின்றது. சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் போய்விடலாம். திங்களும் செவ்வாயும் வேலை செய்தால் புதன்கிழமை பல் தயார். அதற்குப் பிறகு இங்கே வந்து என்ன பிரயோஜனம்? மூன்று நாளில் எந்தக் காரைக் கட்டுவது? "வந்துடறேன், மாமா" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் கைமாறியது. படியேறும் காலடிச் சத்தமும் மொட்டை மாடிக் காற்றும் கேட்டன.

"நீங்க வராதீங்க" என்றாள் மனைவி.

"தையல்காரர் பல்லு?"

"நான் அடுக்கறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா? உங்களுக்கு முன்னாடியே அந்தக் கடைல உக்காந்தவ நான்."

அது உண்மைதான். சின்ன வயதில் அவளுக்கு விளையாட்டுச் சாமானே பல் தட்டுகள்தான். கடைவாய்ப்பல்லில் இடது எது வலது எது என்று தொட்டே சொல்லுவாள். பதினாலு வயதில் ஒரு நாள் மெருகு போடும் மெஷின் அவளுடைய சடையை இழுத்துக்கொண்டது. அவளுடைய அப்பா பிளாஸ்டர் வெட்டும் கத்தியால் சடையை அறுத்துத்தான் தலையைக் காப்பாற்றினார். அன்றோடு அவள் கடைச்சாமான் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அடுக்கி வைத்ததைப் பார்த்து வாயால் மட்டும் சொல்லுவாள்: "அந்த முன்பல்லு ரொம்ப நேரா நிக்குது. கொஞ்சம் திருப்புங்க. மனுஷன் பல்லு மாதிரி இருக்கட்டும்."

"உங்கப்பா விடமாட்டார்."

"அப்பா மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குவார். சாயங்காலம் டீக்கடைல ஒரு மணி நேரம். எனக்கு அது போதும். கதவு இருந்துச்சா?"

"இருக்காம்."

"தாழ்ப்பாள்?"

"இன்னும் மேல போய்ப் பார்க்கல."

"போய்ப் பாருங்க முதல்ல" என்று வைத்துவிட்டாள்.

தாழ்ப்பாள் இருந்தது, துருப்பிடித்து. அன்றே அதற்கு எண்ணெய் விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை. யாரும் குறுக்கே நடக்காத அறையில் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கீழே போய் காரை வலப்பக்கமாக மட்டும் ஓட்டினார். கை கூசியது, எங்கேயோ படிக்கட்டு இருக்கிற மாதிரி விரல் தானாக விசையைத் தளர்த்தியது. செவ்வாய்க்கிழமை பழைய சட்டத்திலிருந்த ஈயத்தையெல்லாம் உருக்கி எடுத்தார். புதன்கிழமை புதுச் சட்டம் ஒன்று வெட்டினார். பேனாவின் முதுகில் வைத்தால் அசையாமல் நிற்கும்வரை அரத்தால் தேய்த்தார். வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து, தன் பழைய டயர் ஒரு ஜோடியைக் கொடுத்துவிட்டுப் போனான். "முகம் கழுவிட்டேன் அண்ணே, பாருங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்றாவதாக வந்தார். ஒரு தடவைகூட எகிறவில்லை. ட்ராக்காரர் கைகொடுத்து, கையோடு சாவியையும் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்க வந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மனைவியைக் கூட்டிவரப் போனார். வழியெல்லாம் என்ன சாமான் எடுப்பது, எதை விடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார். தெருவில் கேன்காரர் எதிர்ப்பட்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஊருக்குப் போயிட்டீங்களாமே? பரவால்ல, உங்க சீட்டுக்கு ஆள் போட்டாச்சு!"

கடைக்குள் அவருடைய ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி முழுவதையும் ஒரு வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பின்னால் முடிச்சு கோணலாக இருந்தது. ஆடுகிற கை போட்ட முடிச்சு. மேஜைமேல் மூன்று செட்டு அச்சுகள்.

நடந்ததை அவள் வேலையை நிறுத்தாமலே சொன்னாள். தையல்காரர் புதன்கிழமை பல்லைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றாராம். "இது என் பல்லேதான். இளவயசுல இப்படித்தான் ஒண்ணு திரும்பியிருக்கும்" என்று அழுதேவிட்டாராம். மாப்பிள்ளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனார் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாளாம். மாமனார் அந்தத் திரும்பின முன்பல்லைப் பார்த்தார். மாப்பிள்ளை எப்போதும் நேராகத்தான் அடுக்குவார் என்று அவருக்குத் தெரியாதா? மகளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. பீரோவிலிருந்து ஒரு துணியை எடுத்து, அவரே அவள் தலையைக் கட்டிவிட்டு, ஸ்டூலைக் காட்டினார்.

"ரெண்டு செட்டு முடிச்சாச்சு, மூணாவது நடக்குது. முடிச்சுட்டு வர்றேன்" என்றாள்.

மாப்பிள்ளை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முடிந்த ஒன்றைத் தேய்க்க ஆரம்பித்தார். இருவராகச் செய்தால் சீக்கிரம் முடியும் அல்லவா? பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு அச்சுகள் வந்தன. மாமனார் வாங்கி மேஜைமேல் வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"வாங்க, மாப்பிள்ளை. ஜெயிச்சுட்டீங்களாமே? சந்தோஷம். சாப்பிட்டுட்டு மெதுவா உக்காரலாம்."

மாப்பிள்ளைக்குக் கைப்பிடி அரம் கையிலேயே நின்றது. இதேபோல ஒரு மத்தியானம்தான், பதினேழு வருஷத்துக்கு முன்னால், அவர் சாப்பிட்டுவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்பா" என்றாள் மனைவி. "நான் இன்னைக்குப் போறேன்."

"யாரு வேண்டாம்னா? அந்த ரெண்டையும் முடிச்சுட்டு…"

"அந்த ரெண்டு முடியறதுக்குள்ள நாலு வரும். எனக்கு இந்தக் கடை தெரியாதா? வாரத்துல நாலு நாள் இங்க இருப்பேன். மூணு நாள் அங்க."

"நாலு நாள்ல வேகவெச்சு எடுக்கவே சரியாப் போயிடும். ஆறு நாள் இரு. ஞாயித்துக்கிழமை போயிட்டு வா."

"நாலு."

"அம்மா, இந்தக் கையப் பாரு."

"பார்த்துட்டேன்பா. பதினேழு வருஷமா அதத்தான் பார்க்கறோம். நாலு."

"அஞ்சு" என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது.

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். அவள் மறுபடியும் நாலு என்று சொல்லுவாள் என்று நினைத்தார். அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கினாள். ஒரு பல்லின் அடியில் மெழுகை ஒட்டினாள், சாய்த்துப் பார்த்தாள்.

"அஞ்சு. இன்னைக்குத் திங்கக்கிழமை, அதனால வெள்ளிக்கிழமை கிளம்பறேன். அன்னைக்குச் சாயங்கால பஸ்சுக்கு அப்புறம் யாரு அச்சு குடுத்தாலும் வாங்கக் கூடாது. தங்கமே குடுத்தாலும்."

அவர் தனியாகத்தான் திரும்பினார். சாவி சட்டைப்பையில் குத்தியது. கூடவே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு தரம் நினைத்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்க வேண்டும், சொல் கொடுத்தாகிவிட்டது. ஒரு வீட்டைப் பிடிக்கப் போய், மனைவியை அந்த ஸ்டூலில் அடகுவைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்தில் நின்றார். முதல் பஸ்ஸில் அவள் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மாமனார் இருமுவதும் கையை நீட்டுவதும் மனதில் ஓடியது. மூன்றாவது பஸ்ஸில் கடைசி ஆளாக இறங்கினாள், காதோரத்தில் பிளாஸ்டர் தூளோடு. பையை அவரிடம் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் மேஜையைத் தேடினாள். அதன்மேல் கிடந்த சக்கரங்களையும் பித்தளைத் துண்டுகளையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில், மெழுகில் பாதி அடுக்கிய கீழ்த்தாடை.

"உங்கப்பா குடுத்துவிட்டாரா?" என்றார் மாப்பிள்ளை.

"அப்பாவுக்குத் தெரியாது. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன். கடைவாய் சரியா உக்காரல, மனசு கேக்கல." டப்பாவை ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தாள், பிறகு திரும்பக் கொண்டுவந்தாள். "இங்க வெளிச்சம் வரல. நாளைக்கு ஜன்னலோரமா எனக்குத் தனியா ஒரு மேஜை போடுங்க."